கனெக்டட், ஆனா நெட் இல்லை: ரூட் பண்ணின போனின் ஹொட்ஸ்பொட்



போன எபிசோட்டில் பழைய அன்ட்ரொய்ட் போனை ரூட் பண்ணுறதைப் பற்றிக் கதைச்சம். அதுக்குப் பிறகு வந்த மெயில்களில் கனக்கப் பேர் கேட்டது ஒரே விசயம்: ரூட் பண்ணின பிறகு ஹொட்ஸ்பொட் ஒழுங்காக வேலை செய்யுதில்லை. அதில் வில்லாவுட்டில் இருந்து ஒரு தங்கச்சி எழுதினதை மட்டும் இங்கே எடுக்கிறேன். "வேலை செய்யுதில்லை" எண்டு சொல்லிப்போட்டு விடாமல், எது வருது, எது வரேல்லை எண்டு விபரமாக எழுதியிருந்தார். பாதி வைத்தியம் அதிலேயே இருக்கு.

அவரின் கதை இதுதான். வீட்டில் என்பிஎன் இணைப்பு இல்லை. பழைய சாம்சங் கலக்ஸி ஒன்றை மச்சான் ரூட் பண்ணி, அதில் ஒரு ஃபயர்வோல் அப்பும் போட்டுக் கொடுத்திருக்கிறார். உள்ளே ஒரு ப்ரீபெய்ட் சிம். அந்தப் போனின் ஹொட்ஸ்பொட்டில்தான் இவரின் யூனி வேலை, தம்பியின் ஹோம்வேர்க், அம்மாவின் ஊர்க் கோல் எல்லாம். இப்போது லப்டொப் வைஃபையில் சேருது, ஆனால் "நோ இன்டர்நெட்" எண்டு காட்டுது. சில நாளில் யூடியூப் மட்டும் அழகாக ஓடும், தம்பியின் பள்ளிக்கூடத் தளம் திறக்காது. இணையத்தில் பார்த்து மூன்று வைத்தியம் செய்து முடித்தாச்சு. கடைசியாக ஒரு வரி: "பகலில நாங்கள் எல்லாரும் போனாப் பிறகு அந்தப் போன் அம்மம்மாவோட வீட்டில இருக்கும். அதால ஏதும் பிரச்சினை இருக்கா?"

ஹொட்ஸ்பொட் பற்றின பதில் கொஞ்சம் நீளம். ஆனால் எனக்கு நித்திரை வராமல் பண்ணினது அந்தக் கடைசி வரி. அதுக்கும் வாறன்.

முதலில், ஹொட்ஸ்பொட் போட்டவுடன் போனுக்குள் என்ன நடக்குது? உங்கட போன் ஒரு குட்டி ரவுட்டராக மாறுது. வைஃபை சிக்னலை வெளியில் விடுது. சேருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி இலக்கம் கொடுக்குது. "யூடியூப் எங்கே இருக்கு?" என்று லப்டொப் கேட்டால் பெயரைத் தேடி விலாசம் சொல்லுது. பிறகு லப்டொப்பின் பொதிகளைத் தன்னுடைய பொதிகள் மாதிரி சிம் வழியாக வெளியே அனுப்பி, பதில் வந்ததும் யாருடையது என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்குது. கூட்டுக் குடும்ப வீட்டில் ஒரே விலாசத்துக்கு வருகிற கடிதங்களை எல்லாம் வாங்கி, இது பெரியவனுக்கு, இது சின்னவளுக்கு என்று பிரிக்கிற பெரியம்மா இருப்பாரே, அவர் செய்கிற வேலை. இதுக்கு நாட் என்று பெயர்.

இதில் எந்த ஒன்று முறிந்தாலும் வெளியில் தெரிவது ஒரே வசனம்: "கனெக்டட், நோ இன்டர்நெட்". அதனால்தான் கண்டபடி வைத்தியம் செய்யக்கூடாது. பொதி எந்த இடத்தில் சாகுது என்று கண்டுபிடிச்சால், மிச்சம் ஐந்து நிமிட வேலை.

தங்கச்சி செய்து பார்த்த மூன்று வைத்தியத்தில் இரண்டு, அமெரிக்க நோய்க்கு எடுத்த மருந்து. இதைக் கொஞ்சம் விளக்கவேணும், ஏனென்றால் "ரூட்", "ஹொட்ஸ்பொட்" என்று தேடினால் வருகிற வீடியோக்களில் பெரும்பகுதி இதே மருந்தைத்தான் விற்குது.

அமெரிக்காவில் நெடுங்காலமாகத் தொலைபேசி நிறுவனங்கள் ஹொட்ஸ்பொட்டுக்கு என்று தனிக் காசு வாங்கின. நீங்கள் காசு கட்டின டேட்டாவை லப்டொப்பில் பாவிக்க இன்னொரு தரம் காசு. வெரைசன் நிறுவனம் கூகுளிடம் சொல்லி, இலவச ஹொட்ஸ்பொட் அப்களைத் தன் வாடிக்கையாளர்களுக்கு ஸ்டோரில் காட்டாமல் மறைக்கச் செய்தது. 2012 ஜூலையில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணையம் தலையிட்டு, 12.5 இலட்சம் டொலர் வாங்கித்தான் அந்த விவகாரத்தை முடித்தது. இந்தச் சண்டையில் பிறந்தவைதான் ரூட் உலகத்தின் பிரபலமான தந்திரங்கள். ஒன்று, ஹொட்ஸ்பொட் போடமுன் "இவருக்கு அனுமதி இருக்கா?" என்று போன் நிறுவனத்தைக் கேட்கிற சோதனையை நிறுத்துவது. மற்றது டிடிஎல்லை மாற்றுவது.

டிடிஎல் என்பது ஒவ்வொரு பொதியின் தலையிலும் இருக்கிற ஒரு இலக்கம். அன்ட்ரொய்ட் போனில் இருந்து கிளம்பும் பொதிக்கு 64, விண்டோஸ் லப்டொப்பில் இருந்து கிளம்பினால் 128. வழியில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். உங்கட லப்டொப்பின் பொதி போனைத் தாண்டி வரும்போது 127 ஆக இருக்கும், இன்னொரு போனின் பொதி என்றால் 63. நிறுவனம் அதைப் பார்த்தே "ஆ, பின்னால் வேறு யாரோ இருக்கினம்" என்று பிடித்துவிடும். ரூட் இருந்தால் எல்லாப் பொதியையும் 64 ஆக்கி அனுப்பலாம். கெட்டிக்காரத்தனமான வேலைதான்.

ஆனால் சிட்னியில் இதுக்குத் தேவை மிகக் குறைவு. இங்கே பெரிய நிறுவனங்களின் வழமையான திட்டங்களில் ஹொட்ஸ்பொட்டுக்குத் தனிக் காசு இல்லை, உங்கட டேட்டா அளவில் இருந்துதான் கழியும். சந்தேகம் என்றால் உங்கட திட்டத்தின் "கிரிட்டிகல் இன்ஃபொமேஷன் சமரி" என்ற சின்ன விபரத்தாளைத் தேடுங்கோ. ஒவ்வொரு திட்டத்துக்கும் அப்படி ஒன்று இருக்கவேணும், அதில் எழுதியிருக்கும். அதில் தடை இல்லை என்றால் டிடிஎல் மாற்றும் மொடியூல், அனுமதிச் சோதனையை நிறுத்தும் மொடியூல் எல்லாவற்றையும் மேஜிஸ்க்கில் இருந்து கழற்றிவிடுங்கோ. தேவையில்லாத மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. ஒன்றுக்குமேல் மொடியூல்கள் ஃபயர்வோல் விதிகளை மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்க ஏலாது.

சரி, இனி எங்கட ஊர் நோய்கள்.

ஹொட்ஸ்பொட்டை நிறுத்திவிட்டு, போனின் வைஃபையையும் நிறுத்திவிட்டு, போனிலேயே ஒரு தளத்தைத் திறந்து பாருங்கோ. சிரிக்கவேண்டாம். போனிலேயே நெட் இல்லாமல் ஹொட்ஸ்பொட்டைத் திருத்த இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டவர்களை எனக்குத் தெரியும். அதோடு "டேட்டா சேவர்" ஓனில் இருந்தால் அன்ட்ரொய்ட் ஹொட்ஸ்பொட்டைப் போடவே விடாது. அது ரூட்டுக்குச் சம்பந்தமே இல்லாத காரணம், ஆனால் பழி ரூட்டுக்குத்தான் விழும். ஒரு கருவி வைஃபை பெயரையே காணவில்லை என்றால் ஹொட்ஸ்பொட்டை 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கோ, பழைய கருவிகளுக்கு 5 கண் தெரியாது. பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டை ஏற்காவிட்டால் பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ2 க்கு இறக்கிப் பாருங்கோ.

இதெல்லாம் சரி என்றால் லப்டொப்புக்குப் போவம். அதன் வைஃபை விபரத்தில் என்ன ஐபி இலக்கம் காட்டுது? 192.168 என்று தொடங்கினால், போன் தன் விலாசம் கொடுக்கும் வேலையைச் செய்திருக்கு. 169.254 என்று தொடங்கினால், லப்டொப் கேட்டுக் கேட்டுக் களைத்து, தானாகவே ஒரு விலாசத்தை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதாவது போனில் விலாசம் கொடுக்கிற சேவை வாயை மூடியிருக்கு. ரூட் பண்ணின போனில் அதை மூடுவது பெரும்பாலும் ஃபயர்வோல்.

தங்கச்சியின் மச்சான் போட்டது ஏஎஃப்வோல் என்ற அப். நல்ல அப், நானும் பாவிக்கிறன். ஆனால் அது வேலை செய்யும் விதம்: நீங்கள் பட்டியலில் டிக் பண்ணினவை மட்டும் நெட்டுக்குப் போகலாம், மிச்சம் எல்லாம் தடை. குரோம், வட்ஸ்அப் எல்லாத்தையும் டிக் பண்ணுவம். பட்டியலின் மேற்பகுதியில் ஆள் பெயர் இல்லாத சில வரிகள் இருக்கும்: ரூட்டாக ஓடுபவை, கேர்னல், "டெதரிங்: டிஎச்சிபி, டிஎன்எஸ் சேவைகள்". அப் மாதிரி ஒரு படம்கூட இல்லாததால் யாரும் தொடுவதில்லை. ஹொட்ஸ்பொட்டின் உயிரே அந்த வரிகளில்தான் இருக்கு. அவற்றை அனுமதித்து, விதிகளைத் திரும்ப அமுல்படுத்துங்கோ. சந்தேகம் தீர ஒரு நிமிடம் ஃபயர்வோலை முழுதாக நிறுத்திப் பார்த்தால் போதும். நெட் வந்தால் குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டார்.

விலாசம் சரியாக 192.168 என்று வந்தும் தளங்கள் திறக்கவில்லையா? லப்டொப்பின் கமாண்ட் ஜன்னலில் 1.1.1.1 என்ற விலாசத்துக்கு ஒரு பிங் அடியுங்கோ. பதில் வருது, ஆனால் பெயர் அடித்தால் தளம் திறக்காது என்றால், பாதை நல்லாக இருக்கு, பெயர் தேடுகிற டிஎன்எஸ் மட்டும் செத்திருக்கு. லப்டொப்பில் டிஎன்எஸ்ஸைக் கையால் 1.1.1.1 என்று போட்டால் உடனே வேலை செய்யும். அது தற்காலிகக் கட்டு மட்டும்தான். நிரந்தர வைத்தியம் மேலே சொன்ன அதே ஃபயர்வோல் வரிதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த நோய்: யூடியூப் வரும், பள்ளிக்கூடத் தளம் வராது. இதைப் பார்த்துப் பலர் "நிறுவனம் ஏதோ ஸ்லோ பண்ணுறாங்கள்" என்று நினைப்பார்கள். உண்மைக் கதை வேறு.

இணையத்தில் இரண்டு விதமான விலாசம் ஓடுது. பழையது ஐபிவி4, புதியது ஐபிவி6. பழைய விலாசங்கள் உலகத்தில் முடிந்துபோனதால் மொபைல் நிறுவனங்கள் புதியதுக்கு மாறிக்கொண்டு வருகின்றன. டெல்ஸ்ட்ரா தன் மொபைல் வலையில் பல வருடங்களாக ஐபிவி6 ஓட்டுது. சிம்முக்குப் புதிய வகை விலாசம் மட்டும் கிடைக்கிற நேரத்தில் பழைய வகைத் தளத்துக்குப் போவது எப்படி? போனுக்குள் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். பழைய வகைப் பொதியைப் புதிய வகைக்குள் மாற்றி அனுப்புவார், நிறுவனத்தின் பக்கத்தில் இன்னொருவர் திரும்ப மாற்றுவார். இந்த மொழிபெயர்ப்புக்கு அன்ட்ரொய்ட் தனியாக ஒரு பாதையைத் திறக்குது, அதுக்கு சிம் பாதையில் இருந்து வேறான பெயர்.

இப்போது விளங்கியிருக்கும். கூகுள், யூடியூப், ஃபேஸ்புக் எல்லாம் புதிய வகையிலேயே நேராகப் போகும். கனக்கச் சின்னத் தளங்கள் இன்னும் பழைய வகை மட்டும். கையால் எழுதின ஃபயர்வோல் விதியோ, பழைய மொடியூலோ சிம் பாதையின் பெயரை மட்டும் தெரிந்து வைத்திருந்தால், மொழிபெயர்ப்புப் பாதையை அந்நியன் என்று மறித்துவிடும். பெரிய தளம் எல்லாம் ஓடும், சின்னது எல்லாம் நிற்கும். மேலே சொன்ன 1.1.1.1 பிங்கும் இந்த நோயில் தோற்கும், ஏனென்றால் அதுவும் பழைய வகை விலாசம். யூடியூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிங் தோற்றால், இதுதான் நோய் என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம்.

செய்ய வேண்டியது: மொபைல் நெட்வேர்க் செட்டிங்கில் ஏபிஎன்னைத் திறந்து, ஏபிஎன் நெறிமுறை "ஐபிவி4/ஐபிவி6" என்று இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கோ. வேறு ரொம் போட்டவர்களுக்கு அங்கே ஒன்று மட்டும் இருப்பது வழமை. பிறகு கையால் சேர்த்த விதிகளைக் கழற்றிப்போட்டு போனை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ.

ஏபிஎன் பக்கத்தில் நிற்கும்போதே "ஏபிஎன் வகை" என்ற வரியையும் பாருங்கோ. சில ரொம்கள் ஹொட்ஸ்பொட்டுக்கு என்று "டன்" வகைப் பாதை ஒன்றைத் தனியாகத் தேடும். உங்கட ஏபிஎன்னில் அந்தச் சொல் இல்லை என்றால், போனில் நெட் நல்லாக ஓடும், ஹொட்ஸ்பொட்டில் மட்டும் ஒன்றும் வராது. இருக்கிற வகைகளுக்குப் பின்னால் ஒரு கொமா போட்டு டன் என்பதன் மூன்று ஆங்கில எழுத்துக்களையும் சேர்த்தால் போதும். இதுக்கு ரூட்கூடத் தேவையில்லை.

மிச்சம் இரண்டு சின்ன விசயம். டெவலப்பர் ஒப்ஷன்ஸில் "டெதரிங் ஹாட்வெயார் அக்ஸிலரேஷன்" என்று ஒரு சுவிட்ச் இருக்கு. அது ஓனில் இருந்தால் பொதிகள் வேகத்துக்காக ஒரு குறுக்குவழியில் போகும், ஃபயர்வோல் விதிகளின் கண்ணில் படாது. ஹொட்ஸ்பொட் கொஞ்ச நேரம் ஓடி நின்றால் அதை ஓஃப் பண்ணிப் பாருங்கோ. மற்றது விபிஎன். போனில் விபிஎன் போட்டிருந்தாலும், சாதாரண அன்ட்ரொய்டில் ஹொட்ஸ்பொட்டில் சேருகிறவர்களின் போக்குவரத்து அதற்குள் போகாது. விளம்பரம் தடுக்கிற விபிஎன் அப்பைப் போனில் போட்டுவிட்டு "தம்பியின் லப்டொப்பும் பாதுகாப்பு" என்று நினைத்திருந்தால், இல்லை.

தங்கச்சியின் நோய் என்ன? அறிகுறிகளைப் பார்த்தால் ஃபயர்வோலும் மொழிபெயர்ப்புப் பாதையும்தான். அவருக்கு எழுதியிருக்கிறன்.

கேள்வி வில்லாவுட்டில் இருந்து வந்ததால் ஒரு சின்ன விலகல். எங்கட வீடுகளில் வில்லாவுட் என்ற பெயர் சொன்னவுடன் வேறு ஒரு ஞாபகம்தான் வரும். 1949 இல் ஐரோப்பிய குடிவரவாளர்களுக்காகத் தொடங்கின விடுதி இருந்த இடத்தில், 1976 இல் இருந்து குடிவரவுத் தடுப்பு முகாம். படகில் வந்த எங்கட ஆட்களில் பலர் வருடக்கணக்கில் இருந்த இடம். அங்கே போன் வைத்திருப்பதே ஒரு சண்டையாக இருந்தது தெரியுமா? 2017 பெப்ரவரியில் எல்லாத் தடுப்பு முகாம்களிலும் கைத்தொலைபேசிகளை முழுதாகப் பறிக்க அரசு கொள்கை வகுத்தது. வழக்குப் போட்டார்கள். 2018 ஜூனில் பெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு, அப்படி ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய அப்போதிருந்த சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதிகாரம் கொடுக்கும் சட்டமூலம் ஒன்று 2020 இல் செனட்டில் வாக்குப் போதாமல் நின்றது. 2024 நவம்பரில் அதேபோன்ற சட்டம் நிறைவேறிவிட்டது. வக்கீலோடு கதைக்க, ஊரில் பிள்ளையின் முகம் பார்க்க ஒரு சிம்மும் ஒரு பழைய போனும்தான் சிலருக்கு இருந்த ஒரே வழி. போன் என்பது எல்லாருக்கும் ஒரே பொருள் இல்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாங்கோ.

அம்மம்மா.

அந்த வீட்டில் பகலில் இருக்கிற ஒரே போன் அந்த ரூட் பண்ணின சாம்சங். அம்மம்மாவுக்கு நெஞ்சு நோ வந்தால் அவர் எடுக்கப் போவது அதைத்தான். அது 000 எடுக்குமா?

இங்கே கொஞ்சம் வரலாறு தேவை. வொடஃபோன் வலையின் 3ஜி 2024 ஜனவரியோடு மூடியாச்சு. டெல்ஸ்ட்ராவும் ஒப்டஸும் 2024 ஒக்டோபர் 28 இல் இருந்து மூடத் தொடங்கின. அதுவரை பல பழைய போன்கள் 4ஜியில் நெட் பாவித்தாலும், கோல் எடுக்கும்போது சத்தம் போடாமல் 3ஜிக்கு இறங்கிவிடும். இப்போது இறங்க இடம் இல்லை. 4ஜியிலேயே குரல் போக வேண்டும், அதுக்கு வோல்டீ என்று பெயர். சில போன்களில் சாதாரணக் கோலுக்கு வோல்டீ இருக்கும், அவசர அழைப்புக்கு இராது. அதனால் 2024 முடிவில் வந்த விதிகளின்படி, 000 எடுக்க முடியாத போனுக்கு நிறுவனங்கள் சேவையே கொடுக்கக்கூடாது. போன் முழுதாகத் தடுக்கப்படும். கோல் மட்டும் இல்லை, டேட்டாவும் போகும். ஆக, "நேற்றுவரை ஓடின ஹொட்ஸ்பொட் இன்றைக்குச் சேவை இல்லை என்று காட்டுது" என்றால், ஃபயர்வோலைத் தோண்டமுன் உங்கட நிறுவனம் அனுப்பின எஸ்எம்எஸ்களைப் பாருங்கோ. ஊரில் இருந்து மாமா கொண்டுவந்து தந்த போன்களும் இதே வலையில் விழும், அவை ஆஸ்திரேலியாவின் அவசர அழைப்புக்கு என்று அமைக்கப்பட்டவை இல்லை.

சாம்சங்குக்கு இன்னொரு கதை உண்டு. உங்கட நிறுவனத்தின் சிக்னல் இல்லாத நேரத்தில் 000 அடித்தால், போன் கிடைக்கிற எந்த நிறுவனத்தின் வலையையும் பிடித்து எடுக்க வேண்டும். சில பழைய சாம்சங் போன்களின் சொஃப்ட்வெயார், அந்த நேரத்தில் வொடஃபோன் வலைக்குப் போனால் அதன் 3ஜியைத் தேடும்படி எழுதப்பட்டிருந்தது. மூடிப்போன கடையின் கதவைத் தட்டுகிற மாதிரி. சாதாரண நாளில் இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது. 2025 ஒக்டோபரில்தான் இது பகிரங்கமாக வந்தது. ஏறக்குறைய 70 மொடல்கள். பெரும்பாலானவற்றுக்கு சொஃப்ட்வெயார் அப்டேட் போதும். கலக்ஸி எஸ்6, எஸ்7, நோட் 5 போன்ற 11 மொடல்களுக்கு அப்டேட்டே இல்லை, மாற்றத்தான் வேண்டும். 2025 நவம்பர் 13 ஆம் திகதி சிட்னியில் ஒருவர் 000 எடுக்க முடியாமல் இறந்தார். அவரின் சாம்சங்கில் இருந்த சொஃப்ட்வெயார் தங்கள் வலையில் அவசர அழைப்புக்குப் பொருந்தாத பழையது என்று டிபிஜி நிறுவனம் பிறகு அறிவித்தது.

இனி ரூட்டை இதோடு சேர்த்துப் பாருங்கோ. சாம்சங்கை ரூட் பண்ணினால் உள்ளே நொக்ஸ் என்ற ஒரு உருகி எரியும், அது திரும்பி வராது. அதோடு உங்கட சொஃப்ட்வெயார் மாற்றப்பட்டிருக்கு என்று சொல்லி, காற்றில் வரும் அதிகாரபூர்வ அப்டேட்களைப் போன் மறுக்கும். அதாவது உயிர் காக்கிற அந்த அப்டேட் உங்கட போனுக்கு மட்டும் வராது. லீனியேஜ் மாதிரி வேறு ரொம் போட்டிருந்தால் இன்னும் மோசம். சாம்சங்கின் வோல்டீ அவர்களின் சொந்தச் சரக்கு, வேறு ரொம்மில் அது பெரும்பாலும் வேலை செய்யாது. நெட் பறக்கும், ஹொட்ஸ்பொட் பறக்கும், கோல் மட்டும் போகாது. மொடல் பட்டியலில் உங்கட போன் "சரி" என்று இருந்தாலும் பிரயோசனம் இல்லை. பட்டியல் பேசுவது கடையில் வாங்கின போனைப் பற்றி, மச்சான் திருத்தின போனைப் பற்றி அல்ல.

சோதித்துப் பார்க்கிறேன் என்று தயவுசெய்து 000 அடிக்கவேண்டாம். உண்மையான ஆபத்தில் இருப்பவரின் வரிசையை அது பிடிக்கும். சாதாரணக் கோல் ஒன்றை எடுங்கோ. கோல் போகும்போது மேலே 4ஜி அல்லது வோல்டீ குறி நிற்கிறதா என்று பாருங்கோ. நிற்காவிட்டால் முடிந்தது, அந்தப் போனை நம்பக்கூடாது. நின்றாலும், ரூட் பண்ணின பழைய சாம்சங் என்றால் என் பதில் அதேதான். ரூட்டைக் கழற்றி, அதிகாரபூர்வ சொஃப்ட்வெயாரை முழுதாகத் திரும்ப ஏற்றி, கடைசி அப்டேட்வரை கொண்டுவந்து, நிறுவனத்திடம் மொடலைச் சொல்லி உறுதிப்படுத்தினால் ஒழிய அது வீட்டுப் போன் இல்லை. திரும்ப ஏற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழியும், படங்களை முதலில் எடுத்து வையுங்கோ.

அம்மம்மாவுக்கு ரூட் பண்ணாத, புதிய, மலிவான ஒரு போன் வேண்டும். பெரிய எழுத்து, பெரிய பட்டன் இருந்தால் இன்னும் நல்லது. ஆள் வெளியே போனாலும் வீட்டில் இருக்கிற மாதிரி வாங்குங்கோ. இதில் காசு மிச்சம் பிடிக்க வெளிக்கிட வேண்டாம்.

நெட்டுக்கு? தம்பி பள்ளிக்கூடம் போகிறவர் என்பதால் ஒரு வழி இருக்கு, பலருக்குத் தெரியாது. "ஸ்கூல் ஸ்டூடன்ட் புரோட்பாண்ட் இனிஷியேட்டிவ்" என்று பெடரல் அரசின் திட்டம். பள்ளி மாணவர் இருந்தும் வீட்டில் என்பிஎன் இணைப்பு இல்லாத குடும்பங்களுக்கு இலவச என்பிஎன். 2023 இல் 30,000 குடும்பங்கள் என்ற கணக்கில் தொடங்கினார்கள், 2028 ஜூன்வரை நீட்டியிருக்கிறார்கள். தகுதி இருக்கா என்று பள்ளிக்கூட ஒஃபீசில் கேளுங்கோ, அல்லது திட்டத்தின் பெயரைத் தேடி அவர்களின் பதிவு மையத்துக்கு ஒரு கோல் எடுங்கோ. அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கதைக்கச் சங்கடம் என்றால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை 131 450 க்கு எடுத்து, தமிழ் வேண்டும் என்று சொல்லலாம். கிடைக்காவிட்டால், சிம் போடுகிற ஒரு குட்டி 4ஜி ரவுட்டர் வாங்கினாலே போதும். இருபத்துநாலு மணித்தியாலமும் சார்ஜரில் கிடந்து பட்டரி வீங்குகிற பழைய போனைவிட அது எவ்வளவோ மேல்.

ரூட் பண்ணின சாம்சங்கை எறியச் சொல்லவில்லை. சிம்மைக் கழற்றிவிட்டு வைஃபையில் விளையாடுங்கோ. ஃபயர்வோல் விதி எழுதிப் பழக, மொடியூல் போட்டுப் பார்க்க, உடைத்துத் திருத்த அதைவிட நல்ல சாமான் இல்லை. ஒரு வேலை மட்டும் இன்றைக்கே செய்யுங்கோ. பின்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அம்மம்மா வாசிக்கிற அளவு பெரிய தமிழ் எழுத்தில்: "இதில 000 எடுக்க ஏலாது."